கோடையில் குளோரோஃபார்ம் எகிறுகிறது: பிரீகுளோரினை நிறுத்தலாமா?

ஏரிக்கரை:
20 எம்எல்டி (நாளுக்கு 2 கோடி லிட்டர்) குடிநீர் சுத்திகரிப்பு நிலையம், ஏரித் தண்ணீர். கோடையில் பாசி ஏறி பிஎச் 8.5 வரை போகிறது. ஏரேட்டர் (காற்றூட்டும் அமைப்பு) தாண்டியதும் பிரீகுளோரின் (சுத்திகரிப்புக்கு முன் போடும் குளோரின்) லிட்டருக்கு 4 மி.கி., ஆலம் (படிகாரம்) 35, சுத்தமான நீர் தேங்கும் சம்பில் போஸ்ட்குளோரின் (கடைசியில் போடும் குளோரின்) 2. குளோரினும் நீரிலுள்ள கரிமமும் சேர்ந்து உண்டாகும் குளோரோஃபார்ம், கடைக்கோடித் தெரு மாதிரியில் லிட்டருக்கு 0.24 மி.கி. வந்திருக்கிறது, ஐஎஸ் 10500 (இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயம்) வரம்பு 0.2. குளோரினைக் குறைத்தால் அங்கே 0.2 மி.கி. மிச்சக் குளோரின் நிற்காது. என்ன வழி?

ஜார்டெஸ்ட்:
சார், கிருமிநீக்கத்தில் கை வைக்காதீர்கள், குளோரின் போடும் இடத்தை மாற்றுங்கள். சுத்திகரிக்காத பச்சைத் தண்ணீரில் போடும் 4 மி.கி. பாசிச் செல்லை உடைத்து உள்ளிருப்பதையும் கரைத்துவிடுகிறது. குளோரோஃபார்முக்குத் தீனியே அதுதான்.

முதலில் ஜார் டெஸ்ட், அதாவது ஜாடிகளில் வெவ்வேறு அளவு ஆலம் போட்டுப் பார்க்கும் சோதனை. ஆறு ஜாரில் ஆலம் 30 முதல் 80 வரை. கலங்கலை மட்டும் பார்க்காதீர்கள். 35-லேயே கலங்கல் போயிருக்கும், கரைந்த கரிமம் அப்படியே இருக்கும். தெளிந்த நீரை 0.45 மைக்ரான் தாளில் வடித்து 254 நானோமீட்டரில் எவ்வளவு யுவி (புற ஊதா) ஒளியை உறிஞ்சுகிறது என்று அளவெடுங்கள், கரைந்த கரிமத்தைக் காட்டுவது அதுதான். அது இறங்குவது எந்த டோஸில் நிற்கிறதோ அதுதான் உங்கள் டோஸ். பிஎச் 6–6.5-ல் ஆலம் கரிமத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் 10 மி.கி. ஆலம் சுமார் 5 மி.கி. காரத்தன்மையைத்தான் (பிஎச் இறங்காமல் தாங்கும் தன்மை) தின்னும். உங்கள் நீரில் காரத்தன்மை 150-க்கு மேல் என்றால் ஆலம் மட்டும் போட்டு அவ்வளவு இறக்க முடியாது. 7 பக்கம் வந்தாலே லாபம். சுண்ணாம்பு தேவைப்பட்டால் குளோரின் தொடர்பு நேரம் முடிந்த பிறகு போடுங்கள். முன்னாடியே போட்டால் குளோரோஃபார்ம் கூடும், குளோரினின் வீரியமும் குறையும்.

மணல்படுகை:
பிரீகுளோரினை ஒரே நாளில் மூடாதீர்கள். பழைய ஃபில்டர் மணலில் மாங்கனீசு கறுப்பாகப் படிந்திருக்கும். மேலே குளோரின் இல்லாவிட்டால் அது மெல்லக் கரைந்து வெளியே வரும். வீடுகளில் துணி கறுக்கும். கிளாரிஃபையருக்கு (கசடு படியும் தொட்டி) பின், ஃபில்டர் வாயிலில் 0.5 மி.கி. அளவுக்கு மிச்சக் குளோரின் வையுங்கள். கரிமத்தில் பெரும்பகுதி அதற்குள் கசடோடு போயிருக்கும்.

பாசிக்கு, ஆலத்துக்கு 20 நிமிடம் முன்பு பொட்டாசியம் பெர்மாங்கனேட் 0.5–1 மி.கி. போதும். ஃபில்டருக்கு வரும்போது இளஞ்சிவப்பு துளியும் தெரியக்கூடாது. கார்பன் பவுடரும் (கரித்தூள்) போடுவீர்கள் என்றால் பெர்மாங்கனேட் தீர்ந்த பிறகு போடுங்கள். சேர்த்துப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும், இரண்டும் வீண்.

பாட்டில்40:
மாதிரி எப்படி எடுத்தீர்கள்? 40 மி.லி. வயலில் (சிறு கண்ணாடிக் குப்பி), குளோரினை முறிக்க அஸ்கார்பிக் அமிலமோ சோடியம் தயோசல்ஃபேட்டோ முன்கூட்டியே இருக்க வேண்டும். இல்லையென்றால் லேபுக்குப் போகும் வழியெல்லாம் குளோரின் வேலை செய்துகொண்டே இருக்கும், எண் கூடிவிடும். விளிம்பு வரை நிரப்பி மூடித் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். குமிழி தெரிந்தால் வேறு மாதிரி எடுங்கள். குளோரோஃபார்ம் அந்த இடத்துக்கு ஆவியாகி, எண் குறைந்து வரும்.

ஏரிக்கரை:
வயலில் எதுவும் போடவில்லை, திரும்ப எடுக்கிறேன். அம்மோனியா சேர்த்து குளோரமைனுக்கு மாறலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

ஜார்டெஸ்ட்:
வேண்டாம் சார். தினம் சில மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊரில், குழாயில் அழுத்தம் இல்லாத நேரம் கழிவு உள்ளே கசியும். அதைச் சமாளிக்க வீரியமுள்ள குளோரின் வேண்டும். குளோரமைன் அவ்வளவு வேகமாகக் கொல்லாது. அதைவிட, தூரத்து மேல்நிலைத் தொட்டியில் ஒரு சிறிய ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், குளோரின் கரைசல்) டோசிங் பம்ப் வையுங்கள். சம்பில் 2 மி.கி. அளவுக்குப் போட வேண்டிய அவசியமே இருக்காது.