புதுப்பிப்பு: கோல்டன் கேட் பாலப் படம் வரும், சீனாவில் நடக்கும் நாவல் கிடைத்துவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: சீனாவில் மாவோ காலத்துச் சிறுமி, ஊர் ஷாங்காய், சிவப்புக் கழுத்துத்துணி, மருத்துவர் அப்பா, வீட்டுச் சுவரில் கோல்டன் கேட் பாலத்தின் படம், வீட்டுக்குள் குடியேறும் அதிகாரி, பெயர் மறந்துபோன ஆங்கில நாவல். உதவிய எல்லோருக்கும் நன்றி.

முதலில் பலரும் சொன்ன 'ரெட் ஸ்கார்ஃப் கேர்ள்' (சிவப்புக் கழுத்துத்துணிச் சிறுமி) வாங்கிப் படித்தேன். நல்ல புத்தகம்தான், ஆனால் அது நாவலே இல்லை, 1966-இல் ஷாங்காயில் பன்னிரண்டு வயதாக இருந்த ஜி-லி ஜியாங்கின் நினைவுக்குறிப்பு. சிவப்புக் கழுத்துத்துணி என்று நான் எழுதியதுதான் எல்லோரையும் அங்கே இழுத்திருக்கிறது, அந்தக் காலத்து இளம் முன்னோடி என்ற கம்யூனிஸ்ட் சிறுவர் அமைப்புப் பிள்ளைகள் எல்லோரும் அதைக் கட்டியவர்கள்தானே!

அப்புறம் ஒரு நண்பர், "கழுத்துத்துணியை விடுங்க, பாலத்தை வச்சுத் தேடுங்க" என்றார். அதுதான் வேலை செய்தது. புத்தகம்: யிங் சாங் காம்பெஸ்டைன் எழுதிய 'ரெவல்யூஷன் இஸ் நாட் எ டின்னர் பார்ட்டி' (புரட்சி என்பது விருந்து அல்ல, 2007).

என் நினைவில் பாதி தப்பு. ஊர் ஷாங்காய் இல்லை, வூஹான். கதை தொடங்குவது 1972-இல், அந்தச் சிறுமி லிங்குக்கு அப்போது ஒன்பது வயது ஆகப்போகிறது. அரசியல் அதிகாரி தோழர் லி, லிங்கின் வீட்டிலேயே ஓர் அறையைப் பிடித்துக் குடியேறும் பகுதி சரியாக ஞாபகம் இருந்திருக்கிறது. தலைப்பு 1927-இல் மாவோ எழுதிய ஹுனான் விவசாயிகள் இயக்க அறிக்கையிலிருந்து வந்த வரி.

எதிர்பாராதது: ஆசிரியர் சமையல் புத்தகங்களும் எழுதுபவராம். கதையில் பசி ஏன் அவ்வளவு உறைத்தது என்று இப்போது புரிகிறது.