லோயர் ஆர்ம் புஷ்: தொங்கவிட்டு இறுக்கறதா, தரையில வச்சு இறுக்கறதா?

ஸ்பானர்சாமி:
நேத்து இங்க ஒரு மகானுபாவர் எழுதியிருந்தார். லோயர் ஆர்ம் புஷ் (முன் சக்கரத்த வண்டியோட இணைக்கற கீழ் கை இருக்கே, அதோட மூட்டுல இருக்கற ரப்பர்) போயிடுச்சா, வாரன்டி இல்லன்னு கைய விரிச்சுட்டானா, கவலையே படாதீங்க, ஜாக்ல தூக்கி பழச கழட்டி புதுச மாட்டி "நல்லா இறுக்கிட்டா" முடிஞ்சுதுன்னு. அந்த நல்லா இறுக்கிட்டாங்கற வார்த்தைய படிச்சதுலேர்ந்து எனக்கு வயித்தெரிச்சல். சக்கரம் அந்தரத்துல தொங்கிட்டிருக்கும்போது அந்த போல்ட்ட இறுக்கவே கூடாது. புஷ்ஷுக்குள்ள ஒரு இரும்பு பைப் இருக்கு, வெளியில ஒரு வளையம், நடுவுல ரப்பர் ரெண்டோடயும் ஒட்டியிருக்கு. போல்ட்ட இறுக்கினா உள் பைப் வண்டிப் பக்கம் இருக்கற பிராக்கெட்டோட பூட்டிக்கும், அதுக்கப்புறம் அது சுத்தாது, ஆர்ம் மேல கீழ போறப்ப ரப்பர்தான் முறுக்கி முறுக்கி திரும்பும். தொங்கற நிலையில பூட்டிட்டு வண்டிய கீழ இறக்கினீங்கன்னா, வண்டி சும்மா நிக்கும்போதே ரப்பர் முறுக்கிட்டு நிக்கும். துணிய பிழிஞ்சு பிழிஞ்ச மாதிரியே கொடியில போட்டு வச்சா என்ன ஆகும்? அதான் ஆகும். வண்டி எடை சக்கரத்து மேல இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு. இதுல விவாதமே கிடையாது.

கிரீஸ்கை:
அந்த மகானுபாவர் நான்தான், பேர் சொல்லியே திட்டியிருக்கலாம், ஒண்ணும் தப்பில்ல. என் வண்டி, மச்சான் வண்டி, ஆபீஸ்ல ரெண்டு பேர் வண்டி, மொத்தம் நாலு வண்டிக்கு தொங்கவிட்டுத்தான் இறுக்கியிருக்கேன். ஒண்ணு கூட கிழியல. புத்தகத்துல படிச்சதுக்கும் கையில கிரீஸ் ஒட்டறதுக்கும் வித்தியாசம் இருக்கு சாமி.

நாலுசக்கரம்:
நேத்து கேள்வி கேட்டதே நான்தாங்க. வண்டிக்கு ரெண்டு வருஷம் கூட முழுசா ஆகல, 31,000 கிலோமீட்டர். வேகத்தடை ஏறி இறங்கும்போது இடது முன் சக்கரத்துல டொக்குனு ஒரு அடி, பிரேக் பிடிச்சா ஸ்டியரிங் லேசா ஒரு பக்கம் இழுக்குது. சர்வீஸ்ல பார்த்துட்டு புஷ் போச்சு, ரப்பர் ஐட்டம், தேய்மானம், வாரன்டில வராதுங்கறாங்க. என் கேள்வி என்னன்னா இது தேயலையே, பாதி சுத்துக்கு பிளந்து கிடக்கு, விரல் நகம் உள்ள போகுது. தேய்மானத்துக்கும் உற்பத்திக் குறைக்கும் எங்க கோடு போடறது? இதே மாடல் வச்சிருக்கற நாலஞ்சு பேருக்கு இதே இடது பக்கம்தான் போயிருக்கு.

ஸ்பானர்சாமி:
தேய்மானமோ பிளவோ, குடுக்க மாட்டான்னு முடிவு பண்ணிட்டான், அத விடுங்க. இப்ப கையில எடுத்து மாத்தும்போது எப்படி இறுக்கறீங்கங்கறதுதான் விஷயம். @கிரீஸ்கை நாலு வண்டி கிழியலன்னு எப்படி தெரியும்? கீழ படுத்து பார்த்தீங்களா? எத்தனை கிலோமீட்டர் கழிச்சு?

கிரீஸ்கை:
சத்தம் வரல. அது போதாதா.

ஸ்பானர்சாமி:
சத்தம் வரலன்னா கிழியலன்னு அர்த்தமா! கிழிய ஆரம்பிச்சு ரொம்ப நாள் கழிச்சுத்தான் சத்தம் வரும். ரெண்டு வருஷம் முன்னாடி கிளட்ச் விஷயத்துலயும் இதே "வாசனை வரல, அதனால பிளேட் நல்லாருக்கு" கதைய சொன்ன ஆள்தானே நீங்க.

கிரீஸ்கை:
கிளட்ச் எதுக்கு இங்க? அன்னிக்கு நான் சொன்னது சரிதான்னு கடைசியில எல்லாருக்கும் தெரிஞ்சுது. அந்த காண்டு இன்னும் போகல போல.

ரப்பர்மண்டை:
ரெண்டு பேருக்கும் நமஸ்காரம். ரப்பருக்கு பதிலா பாலியூரித்தேன்ங்கற கெட்டியான செயற்கைப் பொருள்ல செஞ்ச புஷ் போட்டுட்டா இந்த சண்டையே இல்ல, அதுல பைப் உள்ள தனியா சுத்தும், ரப்பர் மாதிரி ஒட்டியிருக்காது, எந்த நிலையில இறுக்கினாலும் ஒண்ணுதான். என்ன, சிலிக்கான் கிரீஸ் போடலன்னா கதவு கீல் மாதிரி கீச்சு கீச்சுங்கும், ரோட்டுல இருக்கற ஒவ்வொரு கல்லும் ஸ்டியரிங்குக்கு சேதி சொல்லும்.

ஸ்பானர்சாமி:
யாரும் பாலியூரித்தேன் பத்தி கேக்கல தம்பி. கேள்வி ரப்பர் புஷ். தொங்கவிட்டு இறுக்கலாமா கூடாதா.

சும்மாஒருபார்வை:
ஒரு சின்ன சந்தேகம். ரெண்டு பேரும் ஒரே புஷ்ஷத்தான் பேசறீங்களா? ஆர்ம்ல புஷ் ரெண்டு. முன் புஷ்ஷோட போல்ட் வண்டி நீளவாக்குல படுத்திருக்கும், ஆர்ம் அந்த அச்சுலதான் ஆடும், அதுக்கு சாமி சொல்றது நூத்துக்கு நூறு. பின் புஷ் சில வண்டியில போல்ட் செங்குத்தா நிக்கும், ஆர்ம் மேல கீழ ஆடும்போது அந்த போல்ட்ட சுத்தி ரப்பர் முறுக்காது, சாயத்தான் செய்யும். அதுக்கு எந்த உயரத்துல இறுக்கினாலும் பெரிய வித்தியாசம் வராது. கிரீஸ்கை மாத்தினது அதுவா இருந்தா?

கிரீஸ்கை:
பாத்தீங்களா! நான் சொன்னதுதான் சரி.

ஸ்பானர்சாமி:
என்னத்த பாத்தீங்களா? உங்க நாலு வண்டிலயும் எந்த புஷ்ஷு மாத்தினீங்க, முன்னாடியா பின்னாடியா, அத மொதல்ல சொல்லுங்க.

கிரீஸ்கை:
ஆர்மோடயே மாத்தினேன், ரெண்டு புஷ்ஷும் சேர்ந்து வந்துது. பிரஸ் வச்சு அமுக்கற வேலைலாம் எனக்கு எதுக்கு.

ஸ்பானர்சாமி:
அப்ப முன் புஷ்ஷும் அதுல இருக்கே! அதையும் தொங்கவிட்டுத்தானே இறுக்கினீங்க? நான் எப்படி பண்றேன்னு சொல்றேன் கேளுங்க. கழட்டறதுக்கு முன்னாடியே, வண்டி சமதரையில நிக்கும்போது, ஹப் (சக்கரத்தோட மையம்) நடுவுலேர்ந்து நேர் மேல ஃபென்டர் (மட்கார்டு) விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளந்து அந்த சென்டிமீட்டர பெயின்டர் டேப்ல எழுதி ஃபென்டர்லயே ஒட்டிடுவேன். ஆர்ம் மாட்டினப்புறம் போல்ட்ட கை இறுக்கு மட்டும் வச்சுட்டு, ஆர்மோட சக்கரப் பக்க முனையில இருக்கற பால் ஜாயின்ட்டுக்கு கீழ ரெண்டாவது ஜாக் குடுத்து, கட்டையோட, மெதுவா ஏத்திட்டே வருவேன், அந்த அளவு வர்ற வரைக்கும். இன்னொரு பக்கம் ஸ்டாண்டுலேர்ந்து வண்டி எழும்புதான்னு ஒரு கண்ணு வச்சுக்கணும், எழும்பினா நிறுத்திடணும். அளவு வந்ததும் டார்க் ரென்ச், அதான் எவ்ளோ இறுக்கம்னு அளந்து இறுக்கற ஸ்பானர். அந்த மாடலோட சர்வீஸ் மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அது, சில இடத்துல டார்க்குக்கு அப்புறம் இத்தனை டிகிரின்னு தனியா இருக்கும், அந்த போல்ட்ட மறுபடி உபயோகிக்கக் கூடாதுன்னும் சில மேனுவல்ல இருக்கும். இவ்ளோ எளிமை. இத செய்ய சோம்பேறித்தனம், அப்புறம் "ஒண்ணும் ஆகல"ன்னு பெருமை வேற.

நாலுசக்கரம்:
சார் ஒரு நிமிஷம், எனக்கு சத்தம் உண்மையிலயே புஷ்தானான்னு எப்படி உறுதி பண்றது? வளைவுல வண்டி சாயாம பிடிக்கற கம்பிய இணைக்கற லிங்க் ராடாவும் இருக்கலாம்னு ஒருத்தர் சொன்னார்.

ரப்பர்மண்டை:
லிங்க் ராட கழட்டி ஓரமா வச்சுட்டு மெதுவா ஒரு சுத்து போய்ட்டு வாங்க, சத்தம் போச்சுன்னா அதான் வில்லன். வளைவுல வேகம் வேணாம், வண்டி சாயும். நட்ட கழட்டும்போது லிங்க் ராட் முனையில இருக்கற பால் ஜாயின்ட்டோட தண்டும் சேர்ந்து சுத்தும், தண்டு நடுவுல இருக்கற ஓட்டைல ஆலன் கீ போட்டு பிடிச்சுக்கணும். புஷ்ஷுக்கு நீட்டு கம்பிய விட்டு நெம்பிப் பாருங்க, பிளவு வாய திறக்கும்.

கிரீஸ்கை:
அதுக்கும் சுலபமா ஒண்ணு, புஷ் மேல கொஞ்சம் டபிள்யூடி-40 எண்ணெய் ஸ்ப்ரே அடிங்க, சத்தம் குறைஞ்சா அதான்.

ஸ்பானர்சாமி:
ரப்பர் மேல பெட்ரோலிய எண்ணெய்! இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டா ஊதிப்போகும்னு கூட தெரியாம நாலு வண்டி. சோப்பு தண்ணி போதும். இதுவும் அந்த நேத்து பதிவு மாதிரி இன்னொரு முத்து.

கிரீஸ்கை:
ஒரு தடவை சோதிக்கறதுக்கு அடிச்சா ஊதிடாது. ஊதிடும் ஊதிடும்னு ஊதறதுதான் உங்க வேலை.

பெட்ரோல்தாத்தா:
தம்பிகளா, இந்த மாதிரி லோயர் ஆர்மோட வர்ற மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணா சேர்ந்த முன் சஸ்பென்ஷன்) வந்ததே 1940கள்ல, எர்ல் மெக்ஃபர்சன் ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்தப்ப போட்ட வடிவம், அப்புறம் ஃபோர்டு போனார், ஃபோர்டு கான்சல் கார்ல வந்துது. அப்பல்லாம் இப்படி சண்டை போட்டதில்ல.

ஸ்பானர்சாமி:
தாத்தா, கான்சல் எல்லாம் சரி. தொங்கவிட்டு இறுக்கலாமா கூடாதா, அத சொல்லுங்க.

பெட்ரோல்தாத்தா:
எங்க காலத்துல குழிக்குள்ள இறங்கி நின்னு வேலை பார்ப்போம், வண்டி சக்கரத்து மேலதான் நிக்கும். கேள்வியே வராது.

ஸ்பானர்சாமி:
அதான் நான் சொல்றது!!

கிரீஸ்கை:
தாத்தா உங்களுக்கு சாதகமா பேசல, குழியில நின்னேன்னு சொன்னார்.

சும்மாஒருபார்வை:
நான் கேட்டது அப்படியே நிக்குது. எந்த மாடல், பின் போல்ட் படுத்தா நின்னா?

நாலுசக்கரம்:
பின் போல்ட் எப்படி இருக்குன்னு நான் கவனிக்கல சார், படம் எடுத்து போடறேன். வாரன்டி விஷயத்துக்கும் யாராவது பதில் சொன்னா நல்லாருக்கும். புஷ்ஷு தனியா தேய்மானப் பொருள்ங்கறாங்க, ஆனா அது ஆர்மோட சேர்த்துத்தான் கிடைக்குமாம், ஆர்ம் இரும்பு, அதுவுமா தேய்மானம்? எழுத்துல குடுங்கன்னு கேட்டா மேனேஜர் லீவுங்கறாங்க.

ஸ்பானர்சாமி:
எழுத்துல கேட்டது சரி, விடாதீங்க. ஆனா மாத்தும்போது தரையில வச்சு இறுக்கினாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க. அலைன்மென்ட்டும் கையோட பாத்துடுங்க. @கிரீஸ்கை உங்க மச்சான் வண்டி அடியில டார்ச் அடிச்சு முன் புஷ்ஷ படம் எடுத்து போடுங்க. கிழியலன்னா நான் ஒண்ணும் பேசல.

கிரீஸ்கை:
மச்சான் வண்டிய வித்தாச்சு.

ஸ்பானர்சாமி:
ஏன் வித்தார்?

கிரீஸ்கை:
அது குடும்ப விஷயம், உங்களுக்கு எதுக்கு.

ஸ்பானர்சாமி:
டொக்குனு சத்தம் வந்துதோ?

கிரீஸ்கை:
வரல. உங்க ஃபென்டர்ல ஒட்டின பெயின்டர் டேப்ப மொதல்ல பிச்சு எறிங்க, பெயின்ட் சேர்ந்து வரும். எனக்கு மிச்சம் மூணு வண்டி இருக்கு, மூணும் ஓடுது.

ஸ்பானர்சாமி:
அப்ப அந்த மூணுல ஒண்ணு படம்.

கிரீஸ்கை:
ஞாயித்துக்கிழமை பாக்கலாம்.

ஸ்பானர்சாமி:
எந்த ஞாயித்துக்கிழமை?