இரண்டு கேமரா, ஒரே கம்ப்யூட்டர்: ஓடும்போதே மாற்ற முடியவில்லை

கூடல்நகர்க்காரன்:
அப்பா மாடியில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கிறார். பாடங்களைப் பதிவு செய்கிறேன். ஒரு கேமரா முகத்துக்கு, இன்னொன்று வலந்தலைக்கு (வலது பக்கத் தோலுக்கு) மேலே, கரணையில் (நடுவிலுள்ள கறுப்பு வட்டத்தில்) விரல் விழுவது தெரிகிற மாதிரி. பாடம் ஓடும்போதே முகம், விரல் என்று மாற்றிக் காட்ட வேண்டும். கேமராப் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர இரண்டுக்கும் மலிவான கேப்சர் கார்டு. பதிவு செய்யும் மென்பொருளான ஓபிஎஸ்ஸில் தனித்தனியாகப் படம் வருகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒன்று கறுத்துவிடுகிறது. இதில் போன வாரம் கரண்ட் வேறு போய், முக்கால் மணி நேரப் பாடம் திறக்கவே இல்லை. "மறுபடி வாசிக்க மாட்டேன் போடா" என்றுவிட்டார்.

நத்தம்ரோடு:
ரெண்டும் ஒரே யூஎஸ்பி ஹப்பிலா (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டி)? யூஎஸ்பி 2.0 என்றால் மொத்தமே நொடிக்கு 480 மெகாபிட்தான், அதையும் பங்கு போட வேண்டும். ஒன்றை நேரடியாகக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் செருகுங்கள். வீடியோ ஃபார்மட்டை எம்ஜேபெக் (படத்தைச் சுருக்கி அனுப்பும் வகை) ஆக்குங்கள்.

திருமங்கலத்தான்:
எம்பி4 கோப்பு வேண்டாம் தம்பி, எம்கேவி கோப்பாகப் பதியுங்கள். கரண்ட் போனாலும் அதுவரை பதிந்தது பெரும்பாலும் தப்பிக்கும். அப்புறம் ஓபிஎஸ்ஸிலேயே ரீமக்ஸ் செய்து (படத்தைத் தொடாமல் கோப்பு வகையை மட்டும் மாற்றி) எம்பி4 ஆக்கலாம். ஒவ்வொரு கேமராவையும் தனிக் காட்சியாக்கி, காட்சிக்கு ஒரு ஹாட்கீ (அழுத்தினால் அதற்கு மாறும் விசை) வையுங்கள். மாறும்போது ஒரு படம் கரைந்து மற்றது வரும் ஃபேட் கூடவே கூடாது. வேகமாக வாசிக்கும் சொல்லில் விரலெல்லாம் கஞ்சியாகிவிடும். மைக்கை செட்டிங்ஸில் பொதுவாக வைத்தால் காட்சி மாறினாலும் சத்தம் அறாது.

கூடல்நகர்க்காரன்:
ஹப்பேதான் அண்ணே! இப்போது ரெண்டும் வருகிறது. ஆனால் 'தா' காதில் விழுந்த பிறகுதான் விரல் விழுகிறது.

நத்தம்ரோடு:
கேப்சர் கார்டு படத்தைத் தாமதமாக்கும். மைக்குக்கு சிங்க் ஆஃப்செட்டில் (சத்தத்தைத் தள்ளிப்போடும் அமைப்பில்) 100 மில்லிசெகண்ட் போட்டு, ஒரு தட்டு தட்டிப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.