செம்பனைத் தோட்டத்துக்குள் பழைய விமானத் திடல்: கண்டதைப் பகிருங்கள்

சுங்கை பட்டாணிக்காரர்:
மலேசியாவின் கெடா மாநிலத்தில், நம்மூர் சுங்கை பட்டாணித் திடலில் இருந்தே தொடங்கலாம். 1941 டிசம்பர் 8 காலை ஜப்பானியர் குண்டு போட்டபோது அங்கே நின்றவை ஆஸ்திரேலிய 21ஆம் படைப்பிரிவின் பஃபலோ விமானங்களும், பிரிட்டிஷ் 27ஆம் படைப்பிரிவின் பிளென்ஹைம் விமானங்களும். மிஞ்சியவை பட்டர்வொர்த்துக்குப் பின்வாங்கின. இன்று அது ராணுவ முகாம். அனுமதி இல்லாமல் நுழையவோ படம் பிடிக்கவோ கூடாது. அதனால், செம்பனை (பாமாயில் மரம்) தோட்டங்களுக்குள் போன திடல்களில் என்ன தென்படுகிறது என்று எழுதுங்கள்.

பழைய இரும்பு:
லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வேலியிலும் கால்வாய்ப் பாலத்திலும் துளை போட்ட இரும்புத் தகடு கிடந்தால் முதலில் அளந்து பாருங்கள். போர்க்கால ஓடுபாதைத் தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம். வரிசைக்கு 29 வீதம் மூன்று வரிசையில் 87 துளைகள். எடை 66 பவுண்டு, அதாவது சுமார் 30 கிலோ. நீளவாட்டில் ஒரு விளிம்பில் கொக்கிகளும் மறு விளிம்பில் அவை மாட்டும் பொளிகளும் இருக்கும். துரு தின்றிருந்தாலும் துளைகளை எண்ணிவிடலாம்.

ஆனால் தகடு கிடக்கிறது என்பதற்காக அங்கே திடல் இருந்தது என்று முடிவு கட்டாதீர்கள். போர் முடிந்ததும் இவை பழைய இரும்பாக விலைபோயின, லாரியில் எங்கெங்கோ போய்ச் சேர்ந்தன. மண்ணுக்குள் ஒன்றோடொன்று கோத்தபடி, படுக்கை வசத்தில் கிடந்தால்தான் சாட்சி. அப்படிக் கிடப்பதைப் பெயர்த்து இரும்புக் கடையில் போடுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. குறைந்தபட்சம் படமும் இடக்குறியும் எடுத்த பிறகாவது கை வையுங்கள்.

தீம்பார் ஆள்:
தகடே இல்லாத திடல்களும் உண்டு. பல இடங்களில் செம்மண்ணையும் புல்லையும் இறுக்கி உருட்டியே ஓடுபாதை போட்டார்கள். அங்கே மண்தான் பேசும். ஹெக்டருக்கு சுமார் 140 மரம் என்று சீராக நட்ட தீம்பாரில் (தோட்டத்தின் ஒரு நடவுப் பகுதி), ஒரு நேர்பட்டையில் மட்டும் மரம் குட்டையாக, மட்டை மஞ்சளாக நிற்கும். மழை விட்ட பிறகும் தண்ணீர் தேங்கும். இறுகிய மண்ணில் வேருக்குக் காற்று போகாது, அதுதான் காரணம். மறுநடவின்போது ஆழமாக உழுது உடைக்காவிட்டால் அடுத்த தலைமுறை மரத்திலும் இதே பட்டை தெரியும்.

சோதிக்க அரை அங்குல இரும்புக் கம்பி போதும், மேலே குறுக்குப் பிடி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு மறுநாள், பட்டைக்குக் குறுக்கே ஐந்து அடிக்கு ஒருமுறை குத்துங்கள். நல்ல மண்ணில் முழங்கால் ஆழம் இறங்கும் கம்பி, ஓடுபாதையில் ஒரு சாண் ஆழத்திலேயே நின்றுவிடும். பழைய லாரிப் பாதையும் இறுகித்தான் இருக்கும், அதில் ஏமாறுவோர் அதிகம். அதன் அகலம் நான்கைந்து மீட்டர்தான். ஓடுபாதை அதைப் போலப் பல மடங்கு அகலம். இயற்கைச் செம்பாறை என்றால் ஓரம் கோணலாகப் போகும். மூன்று இடத்தில் குத்தி, ஓரங்கள் ஒரே நேர்கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு திசைகாட்டி வையுங்கள்: 40 பாகை என்றால், பத்தால் வகுத்து ஓடுபாதை எண் 04, எதிர்முனை 22.

பழைய இரும்பு:
கம்பிக்கு முன் ஒரு எச்சரிக்கை. குண்டு விழுந்த திடல் என்று தெரிந்தால் குத்தவே வேண்டாம், கண்ணால் பார்ப்பதோடு நிறுத்துங்கள். உருளை வடிவில் துருப்பிடித்த இரும்பு தென்பட்டால் தொடாதீர்கள், மண்ணைத் தட்டிப் பார்க்காதீர்கள். ஓடு துருப்பிடித்தாலும் உள்ளிருக்கும் வெடிமருந்து சாவதில்லை. வெடிப்பான் இன்னும் ஆபத்தாகிவிடும். வந்த வழியே திரும்பி, ஆட்களை விலக்கி, 999க்கு அழையுங்கள். மறுநடவுக்கு எக்ஸ்கவேட்டர் இறங்கும் சமயத்தில்தான் இவை மேலே வரும், ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சுங்கை பட்டாணிக்காரர்:
தொன்மையான பொருள் கிடைத்தால் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ தெரிவிக்க வேண்டும். சிலாங்கூரில் பந்திங், மோரிப் பக்கம் உள்ளவர்கள் கெளனாங் விமானத் திடல் பற்றி எழுதுங்கள். 1945 செப்டம்பர் 9 அன்று மோரிப் கரையில் இறங்கிய பிரிட்டிஷ் படையின் இலக்குகளில் அந்தத் திடலும் ஒன்று. எழுதும்போது தீம்பார் எண்ணும் நட்ட ஆண்டும் சேருங்கள். இரண்டையும் கிராணியிடம் (தோட்ட அலுவலக எழுத்தர்) கேட்டால் தோட்ட வரைபடத்தைப் பார்த்துச் சொல்வார்.