மாற்று மார்பக இம்ப்ளான்ட்: பழைய எண்ணை ஓரமாக வைத்துவிட்டு அளவெடுங்கள்

ஆலோசனை அறைச் செவிலியர்

மார்புக்குள் வைத்த பழைய இம்ப்ளான்ட்டை மாற்றிக்கொள்ள வருகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு எண் இருக்கும். "இப்போ 300 இருக்கு, 375 போட்டா போதுமா?" என்றுதான் பேச்சே தொடங்கும். சிசியை (இம்ப்ளான்ட்டின் கொள்ளளவு, மில்லிலிட்டரில்) மட்டும் வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. முதலில் எடுக்க வேண்டியது மார்பின் அகலம்.

நெஞ்செலும்புப் பக்கம் மார்பு தொடங்கும் இடத்திலிருந்து அக்குள் பக்கம் முடியும் இடம் வரை காலிப்பர் (இரண்டு கால் உள்ள அளவுகோல்) வைத்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். டேப் வைத்தால் அது வளைவின் மேல் ஏறி இறங்கும், அளவு கூடிவிடும். பிறகு உள்பக்கமும் வெளிப்பக்கமும் தோலையும் கொழுப்பையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்து அதன் தடிமனை அளக்கணும். கிள்ளும்போது இரண்டு மடிப்பு வருவதால் இரண்டு அளவையும் கூட்டிப் பாதியாக்கி, மொத்த அகலத்திலிருந்து கழிக்கிறோம். உதாரணமாக, மார்பு 13.5 செ.மீ., உள்பக்கக் கிள்ளல் 1.5, வெளிப்பக்கம் 2.5 என்றால் கூட்டினால் 4, பாதி 2. அந்த நெஞ்சுக்கு 11.5 செ.மீ. அடி அகலமுள்ள இம்ப்ளான்ட் பொருந்தும்.

இம்ப்ளான்ட் ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது கிள்ளினால் இம்ப்ளான்ட்டின் ஓரமும் கைக்குள் வந்துவிடும். அதனால் கையை நன்றாக ஓரத்துக்குக் கொண்டுபோய், இம்ப்ளான்ட்டை எதிர்ப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கிள்ள வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்த அளவில் திசு தடிமனாகத் தெரியும். அதை நம்பித் தேர்ந்தெடுத்தால் பிற்பாடு ஓரம் விரலில் தட்டுப்படும்.

இன்னொன்று, உறை என்பது இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடல் உருவாக்கும் தழும்புத் திசு; அது இறுகியிருக்கும் மார்பின் அகலம் பொய் சொல்லும். இந்த இறுக்கத்தை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிக்கும் பேக்கர் கிரேடில் மூன்று, நான்கு என்றால் உறை சுருங்கி இம்ப்ளான்ட்டைப் பந்துபோல் உருட்டிவிடும். அடி குறுகும், முன்பக்கம் தூக்கும். அந்தக் குறுகிய அகலத்தை மெய்யென்று எடுத்துக்கொண்டால் சின்ன அடியுள்ள இம்ப்ளான்ட் தேர்வாகிவிடும். உறையை அகற்றிய பிறகு பை (இம்ப்ளான்ட் உட்காரும் உள்ளிடம்) விரிந்து, நடுவில் அகலமான பள்ளம் தெரியும். இறுக்கம் ஒரு பக்கம் மட்டும் என்றால் மறுபக்கத்தை அளவுகோலாக எடுங்கள். இரண்டு பக்கமும் என்றால் முதல் அறுவைக்கு முன் எடுத்த அளவுகள், படங்கள், அப்போது வைத்த இம்ப்ளான்ட்டின் அட்டவணை அகலம் மூன்றையும் தேடி எடுக்காமல் முடிவு செய்யாதீர்கள்.

பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்

அகலம் முடிவாகிவிட்டால் புரொஃபைல் பாதி முடிவாகிவிட்டது. புரொஃபைல் என்பது ஒரே சிசியை எவ்வளவு அகலத்தில், எவ்வளவு உயரத்தில் அடக்குகிறார்கள் என்பது. வட்ட இம்ப்ளான்ட்டைப் பாதி முட்டை வடிவம் என்று வைத்துக்கொண்டால், அடி அகலத்தை அகலத்தாலேயே பெருக்கி, நெஞ்சிலிருந்து முன்னே நிற்கும் உயரத்தால் பெருக்கி, அதில் ஏறக்குறைய பாதி (துல்லியமாக 0.52) எடுத்தால் கொள்ளளவு வரும்.

அந்தக் கணக்கில், 13.2 செ.மீ. அகலம், 3.3 உயரம் என்றாலும் 300 சிசி. 12 அகலம், 4 உயரம் என்றாலும் 300. 11.2 அகலம், 4.6 உயரம் என்றாலும் 300தான். ஒரே எண், நெஞ்சில் மூன்று வெவ்வேறு தோற்றம். "தோழிக்கும் 300தான், எனக்கு ஏன் அப்படி இல்லை?" என்ற கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

இப்போது அதே 12 செ.மீ. நெஞ்சில் 400 கேட்டால் உயரம் 5.3 செ.மீ. ஆக வேண்டும். அது மிக உயர்ந்த புரொஃபைல். மேல்பகுதி பந்துபோல் திரளும், எடை முழுவதும் குறுகிய இடத்தில் அழுத்தும், வருடங்கள் போகப் போக மேலே உள்ள சுரப்பித் திசு மெலியும். 13 செ.மீ. நெஞ்சிலோ அதே 400 நாலரை செ.மீ. உயரத்தில் அமைதியாக உட்காரும். ஆகவே "எனக்கு 400 வேண்டும்" என்று கேட்பதைவிட "என் அகலத்துக்கு எந்த உயரம் வரை திசு தாங்கும்?" என்று கேட்பது பலன் தரும்.

நிறுவனத்துக்கு நிறுவனம் புரொஃபைல் பெயர்கள் வேறு. ஒருவர் 'மாடரேட் பிளஸ்' என்பது இன்னொருவரின் 'மாடரேட்'டுக்கு அருகில் இருக்கலாம். பெயரை ஒப்பிடாதீர்கள். பழைய இம்ப்ளான்ட்டின் அகலம், உயரம் செ.மீ.யில், புதியதன் அகலம், உயரம் செ.மீ.யில், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

திசுவின் தாங்குதிறனுக்கு இரண்டு அளவு. மேல்பகுதிக் கிள்ளல் 2 செ.மீ.க்குக் குறைந்தால் மேலே தசைப் போர்வை தேவை, அதாவது இம்ப்ளான்ட்டை நெஞ்சுத் தசைக்குக் கீழே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓரமும் அலைச் சுருக்கமும் தோலில் தெரியும். இரண்டாவது, காம்பிலிருந்து அடிமடிப்பு (மார்பின் கீழ் ஓரம் நெஞ்சோடு சேரும் மடிப்பு) வரை தோலை நன்கு இழுத்துப் பிடித்து எடுக்கும் நீளம். 300 சிசிக்கு 8 செ.மீ. வாக்கிலும், 400க்கு 9.5 வாக்கிலும் இருந்தால் இசைவாக அமையும். மாற்று அறுவைக்கு வருகிறவர்களில் இந்த நீளம் ஏற்கெனவே 10, 11 என்று நீண்டிருப்பதைப் பார்க்கலாம். பழைய எடை இழுத்ததன் விளைவு அது. அங்கே இன்னும் பெரிய இம்ப்ளான்ட் வைத்தால் அது அடிமடிப்பைத் தாண்டி இறங்கும், காம்பு மேலே பார்க்கும். அடிமடிப்பை மேலே ஏற்றி நிலையான திசுவோடு சேர்த்துத் தைத்த பிறகுதான் அளவைப் பற்றிப் பேச வேண்டும்.

மார்பக ஸ்கேன் தொழில்நுட்பர்

அளவுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. எதை எடுக்கப் போகிறீர்கள் என்பது தெரியணும். ஜெல் இம்ப்ளான்ட்டின் ஓடு கிழிந்திருந்தாலும், ஜெல் உறைக்குள்ளேயே இருக்கிறவரை வெளியே ஒன்றும் தெரியாமலே இருக்கலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சிலிக்கோன் ஜெல் இம்ப்ளான்ட்டுகளுக்கு முதல் எம்.ஆர்.ஐ. அல்லது அல்ட்ராசவுண்டை 5 முதல் 6 வருடத்திலும், அதன்பின் 2 முதல் 3 வருடத்துக்கு ஒரு முறையும் பரிந்துரைக்கிறது. ஜெல் உறையைத் தாண்டித் திசுவுக்குள் போயிருந்தால் அறுவையில் கொஞ்சம் திசுவும் போகும். அந்த இழப்பைப் புதிய அளவில் கணக்கெடுக்கணும்.

முதல் அறுவை முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகு ஒரு பக்கம் திடீரென்று வீங்கினால், "பெரிசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். இம்ப்ளான்ட்டைச் சுற்றி நீர் சேர்ந்திருக்கலாம். சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்டுகளோடு தொடர்புள்ள அரிய லிம்ஃபோமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) ஒன்று பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படும். 2019இல் 'பயோசெல்' என்ற சொரசொரப்பான மேற்பரப்புள்ள இம்ப்ளான்ட்டுகள் திரும்பப் பெறப்பட்டதும் இதனால்தான். அந்த நீரை ஊசியில் எடுத்து சிடி30 (அந்தப் புற்றுநோயைக் காட்டும் குறியீட்டுப் புரதம்) சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகே மாற்று அறுவைக்கு நாள் குறிக்க வேண்டும். அறிகுறி ஏதும் இல்லாதவர்கள் அந்த வகை இருக்கிறது என்பதற்காக மட்டும் அவசரமாக எடுத்துவிட வேண்டும் என்று பரிந்துரை இல்லை.

அறுவை அரங்கச் செவிலியர்

அரங்கில் நடப்பதையும் சொல்கிறேன், இங்கேதான் எண்கள் மாறும்.

எடுத்த பழைய இம்ப்ளான்ட்டை நேராகத் தராசில் வைப்போம். ஜெல்லுக்கு ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு சிசி. இம்ப்ளான்ட் விவர அட்டை தொலைந்தவர்களுக்கு இதுதான் சாட்சி. பல இம்ப்ளான்ட்டுகளின் பின்பக்கத்திலேயே அளவு பொறித்திருக்கும், அதையும் படம் எடுத்துவிடுவோம். கிழிந்ததின் எடையை நம்பக் கூடாது, பாதி ஜெல் பையிலேயே தங்கியிருக்கும். உப்புநீர் இம்ப்ளான்ட் என்றால் பெட்டியில் போட்ட எண் வேறு, நிரப்பிய அளவு வேறு. 300 என்று குறித்த வெளி ஓட்டுக்குள் 325, 330 நிரப்பியிருப்பார்கள். அதற்குப் பதில் 300 ஜெல் வைத்தால் "சின்னதாயிடுச்சே" என்ற வருத்தம்தான் மிஞ்சும்.

அகற்றிய உறையையும் எடை போடச் சொல்லுங்கள். தடித்த, சுண்ணாம்பு படிந்த உறை என்றால் பத்துக் கணக்கான கிராம் வரும். அதே அளவு இம்ப்ளான்ட்டை மறுபடி வைத்தாலும் அந்த அளவுக்கு மார்பு குறைந்துதான் தெரியும். ஒரு பக்கம் முழு உறையும் மறுபக்கம் பாதியும் எடுத்தால் இரண்டு பக்கமும் வேறு வேறு சிசி வைக்க வேண்டி வரலாம். அது தவறு இல்லை.

அதன்பின் சைஸர், அதாவது அளவு பார்க்கத் தற்காலிகமாக வைக்கும் மாதிரி இம்ப்ளான்ட். பையில் சைஸரை வைத்து, தற்காலிகத் தையல் போட்டு, மேசையை மடக்கி நோயாளியை உட்கார்ந்த நிலைக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். படுத்த நிலையில் எல்லாமே அழகாகத் தெரியும், முடிவு எடுக்க உதவாது. தோள் இரண்டும் சமமாக இருக்கிறதா, கைகள் ஒரே கோணத்தில் கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கை சரிந்தால் மார்பும் சரியும். சைஸரில் அளவு உறுதியான பிறகே கிருமி நீக்கிய இம்ப்ளான்ட் பொதியைப் பிரிப்போம். பிரித்ததைத் திருப்பி அனுப்ப முடியாது.

அதனால் முன்கூட்டியே வரவழைக்கும்போது திட்டமிட்ட அளவோடு, அதற்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு. பக்கத்துப் புரொஃபைலிலும் ஒரு ஜோடி. முன்பு இம்ப்ளான்ட் இருந்த நெஞ்சில் உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் பல விஷயம் தெரியவரும்.

பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மாற்று அறுவையில் நான் அதிகம் கவலைப்படுவது பையைப் பற்றி.

பழைய இம்ப்ளான்ட் 13.5 செ.மீ. அகலம் என்றால் பையும் அந்த அகலம், பல நேரம் அதைவிடக் கூட. அதில் 11.8 செ.மீ. அகலமுள்ள உயர் புரொஃபைலை அதே சிசியில் வைத்தால், படுக்கும்போது அது அக்குளுக்கு ஓடிவிடும். நிற்கும்போது கீழ்ப்பகுதியில் தொங்கும். "சிசி மாறவில்லையே, ஏன் இப்படி?" என்றால் காரணம் பை. பக்கவாட்டு உறையை வரிசைத் தையலால் மூடி, புதிய அகலத்துக்கு இறுக்க வேண்டும். உறை மெல்லிசாக இருந்தால் தையல் அறுத்துக்கொண்டு வரும். அப்போது பழைய உறைக்கும் தசைக்கும் இடையே புதிய பை உருவாக்குவது அல்லது வலையோ பதப்படுத்திய தோல்திசுவோ வைத்து வலுவூட்டுவது தேவைப்படும். தையல் பிடிக்கும்வரை பக்கங்களைத் தாங்கும் பிரா ஆறு வாரமாவது இரவும் பகலும் போட வேண்டும்.

எதிர்த்திசையிலும் தவறு நடக்கிறது. நடுவில் பள்ளம் குறைய வேண்டும் என்று அகலமான இம்ப்ளான்ட் கேட்டு, உள்பக்கம் தசையை அறுத்துவிட்டால் இரண்டு மார்பும் நெஞ்செலும்பின் மேல் ஒன்று சேர்ந்துவிடும். அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம். இரண்டு மார்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்பதை உங்கள் எலும்பும் தசை ஒட்டும் இடமும் தீர்மானித்திருக்கின்றன. இம்ப்ளான்ட் அதை மாற்றக் கூடாது.

குறைத்துக்கொள்ள வருகிறவர்களுக்கு: 50 சிசி குறைத்தால் தோல் பெரும்பாலும் தானே சேர்ந்துவிடும். 150, 200 குறைத்தால் மேல்பகுதி காலியாகும், காம்பு அடிமடிப்புக்கு நேராகவோ கீழோ போகும். அங்கே உயர் புரொஃபைல் வைத்து மேல்பகுதியை நிரப்பிவிடலாம் என்பது ஆசை, அது ஓரளவுக்கே உதவும். தூக்கு அறுவையும் (தொங்கிய மார்பையும் காம்பையும் மேலே ஏற்றுவது) சேர்த்துத் திட்டமிடுங்கள். உறையை முழுவதும் எடுத்து, பையை மாற்றி, தூக்கும் செய்யும்போது காம்புக்குப் போகும் இரத்த ஓட்டம் குறையக்கூடும். புகைப்பவர் என்றால், திசு மெலிந்தவர் என்றால் இரண்டு கட்டமாகச் செய்வது பாதுகாப்பு.

கண்ணீர்த்துளி வடிவ இம்ப்ளான்ட்டைப் பழைய வட்ட இம்ப்ளான்ட்டின் தளர்ந்த பையில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுழன்றால் மார்பின் வடிவமே திரும்பிவிடும். வட்டம் சுழன்றாலும் தெரியாது.

நோயாளி ஆலோசகர்

வீட்டில் அளவு பார்க்க அரிசியைக் காலுறையில் கட்டி பிராவுக்குள் வைக்கும் வழி எல்லோருக்கும் தெரியும். அதில் மாற்று அறுவைக்காரர்கள் செய்யும் தவறு, முழு 375ஐயும் அளந்து வைப்பது. உள்ளே ஏற்கெனவே 300 இருக்கிறது, வித்தியாசம் 75 சிசியை மட்டும் வையுங்கள். மில்லிலிட்டர் கோப்பையில் கொள்ளளவாக அளக்கணும், எடையாக அல்ல. அரிசி ஜெல்லைவிட லேசானது. வெளியே வைத்தது அழுத்தமில்லாமல் நிற்பதால் உள்ளே வைப்பதைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும், அதையும் மனதில் வையுங்கள்.

இரண்டு அளவுக்கு நடுவே 25 சிசி வித்தியாசம் என்பது பிராவுக்குள் கண்ணுக்கே தெரியாது. அந்த இரண்டு அளவுக்கு நடுவே தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கப் எழுத்தையும் இலக்காக வைக்க வேண்டாம், அது பிராவுக்குப் பிரா மாறும். மருத்துவரிடம் காட்ட மூன்று படம் எடுத்துப் போங்கள்: பிடித்த தோற்றம் ஒன்று, "இவ்வளவு வேண்டாம்" என்று படும் பெரியது ஒன்று, சிறியது ஒன்று. உங்கள் நெஞ்சு அகலத்துக்கு நெருங்கியவர்களின் படமாக இருக்கட்டும்.

கணினியில் முப்பரிமாணத் தோற்றம் காட்டினால், அது ஏற்கெனவே உள்ளே இருக்கும் இம்ப்ளான்ட்டைக் கழித்துவிட்டுக் காட்டுகிறதா, அதன் மேலேயே சேர்த்துக் காட்டுகிறதா என்று கேளுங்கள்.

தாய்ப்பால் நிறுத்திச் சில மாதம் ஆகாமல், எடை நிலைக்காமல், மாதவிடாய்க்கு முந்தைய வீக்கத்தில் அளவெடுக்க வேண்டாம். அறுவைக்குப் பின் முதல் ஆறு வாரம் தெரியும் அளவை இறுதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் இறங்கி அமையும்.

அறுவை அரங்கச் செவிலியர்

புதிய அட்டையில் வரிசை எண்ணும் சிசியும் மட்டும் போதாது. அடி அகலம், உயரம், புரொஃபைல் பெயர், மேற்பரப்பு வகை, தசைக்கு மேலா கீழா, உறையில் எவ்வளவு எடுத்தார்கள், பையில் எந்தப் பக்கம் தையல் போட்டார்கள், இரண்டு பக்கமும் தனித்தனியாக அறுவைக் குறிப்பில் எழுதி வாங்கி, நகலையும் இம்ப்ளான்ட் பெட்டியின் ஒட்டுச்சீட்டையும் ஒரே கவரில் வையுங்கள்.