இரவில் அப்பாவுக்குச் சோறா, சப்பாத்தியா?

நாகைமணி:
அப்பாவுக்கு 67 வயது, பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை. போன மாதம் முதல் இரவுச் சோற்றை நிறுத்திவிட்டு 4 சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் கொடுக்கிறோம். சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் பார்த்தால் 230, 240 என்று காட்டுகிறது. சோறு சாப்பிட்டபோதும் இதே அளவுதான் இருந்தது. பல் சரியில்லாததால் மென்று விழுங்கவும் சிரமப்படுகிறார். "ஒரு பிடி மோர்ச்சோறு கிடைக்குமா?" என்று கேட்கும்போது மனசு கேட்கவில்லை. சோறு கொடுக்கலாமா?

தருமபுரியான்:
கொடுக்காதீர்கள். அரிசியைத் தீட்டத் தீட்டத் தவிடும் முளையும் போய், வெறும் மாவுச்சத்துதான் மிஞ்சுகிறது. எங்கள் பக்கம் வயலில் உழைத்தவர்கள் கேழ்வரகுக் களியையும் கீரைக் குழம்பையும் சாப்பிட்டுத்தான் உடம்பைக் காத்தார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நாம்தான் இன்னும் வெள்ளைச் சோற்றை விட மறுக்கிறோம்.

காவேரிக்கரை:
அண்ணா, அரிசி மீது ஏன் இவ்வளவு கோபம்? கணக்குப் பாருங்கள். 30 கிராம் மாவில் தட்டிய ஒரு சப்பாத்தியில் ஏறத்தாழ 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. நான்குக்கு 80. அதற்குத் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வேறு! 150 கிராம் சோற்றில் 42 கிராம் அளவில்தான் வரும். நாகைமணி, உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை குறையாததில் வியப்பே இல்லை. சோற்றைத் தட்டில் குவித்துச் சாப்பிடுவதுதான் தவறு. ஒரு கிண்ணத்தில் அளந்து வையுங்கள். அவரைக்காய், கொத்தவரங்காய், கீரை என்று தட்டில் பாதி காய்கறியாக இருக்கட்டும். ஒரு கரண்டி கெட்டிப் பருப்போ ஒரு முட்டையோ சேருங்கள். காயை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும்.

தருமபுரியான்:
நான் கோதுமைக்கு வக்காலத்து வாங்கவில்லை. நான் சொன்னது களி. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராம் அளவுக்குச் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அரிசி அதன் பக்கத்தில்கூட வராது. களி பசியும் தாங்கும். நீங்கள் சொல்லும் கிண்ணக் கணக்கு காகிதத்தில்தான் நிற்கும். என் தாயார் ஒரு கிண்ணம் என்றுதான் தொடங்கினார். குழம்புக்கு ஒரு கை, ரசத்துக்கு ஒரு கை, மோருக்கு ஒரு கை என்று பழைய அளவுக்கே வந்துவிட்டார். நிறுத்தினால் முழுதாக நிறுத்த வேண்டும்.

காவேரிக்கரை:
முழுதாக நிறுத்திய என் மாமனார் மாலையில் தேநீர்க் கடையில் போண்டா சாப்பிட்டுவிட்டு வந்தார். சட்டைப்பையில் எண்ணெய்க் காகிதத்தைப் பார்த்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. பசியோடு இருக்கும் மனிதரை அதட்டிப் பயனில்லை. இன்னொன்று, களியிலும் நொய்யரிசி போட்டுத்தானே கிண்டுகிறீர்கள்?

வேப்பநிழல்:
நான் உணவு ஆலோசகராக வேலை செய்கிறேன். கேழ்வரகு நல்ல தானியம்தான். ஆனால் நைசாக அரைத்து நீர்க்கக் காய்ச்சிய கஞ்சி சர்க்கரையை விரைவாக ஏற்றிவிடும். சிறுதானியம் என்பதற்காக அளவில்லாமல் குடிக்கக் கூடாது. அதைவிட முக்கியமானது, மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இரவு உணவைத் திடீரென்று பாதியாக்கினால் நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்துபோகலாம். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே அளந்து பார்க்க வேண்டும். உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். முடிந்தால் சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். இதற்கு மொட்டை மாடியே போதும்.

நாகைமணி:
மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டேன். மாத்திரையை மாற்ற வேண்டாம், அளந்து எழுதிவைக்கும்படி சொன்னார். நேற்று இரவு ஒரு கிண்ணம் சோற்றுடன் கொத்தவரங்காய்ப் பொரியல், பருப்பு, கடைசியில் மோர் கொடுத்தோம். அப்பா தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு மாடியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு 12 நிமிடம் நடந்தார். 2 மணி நேரம் கழித்து 184. ஒரே நாளை வைத்து முடிவுகட்ட மாட்டேன், நோட்டில் எழுதிவருகிறேன்.

தருமபுரியான்:
184 நல்ல செய்திதான், மகிழ்ச்சி. ஆனால் என் கருத்து மாறவில்லை. சனிக்கிழமை நொய் சேர்க்காமல் ஓர் உருண்டை களி கிண்டி, அதே பொரியலோடு கொடுங்கள். களியை மெல்ல வேண்டாம், அப்பாவுக்குச் சிரமம் இருக்காது. அதே 12 நிமிடம் நடக்கட்டும். அந்த எண்ணையும் இங்கே எழுதுங்கள்.