ஆறு வாரத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் புழு மருந்து: சரியா, தவறா?

பட்டிக்காரன்
குடற்புழு மருந்து ஊற்றும்போது மந்தையில் ஒரு பகுதியை விட்டுவிடச் சொல்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். எனக்கு இது ஒப்பவில்லை. செம்மறியும் இறைச்சி மாடும் சேர்த்து வளர்க்கிறேன். ஆறு வாரத்துக்கு ஒருமுறை எல்லா ஆட்டுக்கும் மருந்து ஊற்றி, மறுநாளே புது மேய்ச்சலுக்கு ஓட்டிவிடுவேன். ஒரு மழைக்காலத்தில் ஒரு தவணை தள்ளிப்போனதில், தாடை வீங்கி ஒன்பது குட்டிகள் செத்தன. வயிற்றில் புழு இருப்பது தெரிந்தும் ஒரு ஆட்டை எப்படி விட்டுவைப்பது?

மேய்ச்சல்நிலம்
அண்ணா, மருந்து ஊற்றுவதைவிட, மறுநாளே புது நிலத்துக்கு ஓட்டுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த நேரத்தில் ஆட்டின் வயிற்றில் மிஞ்சியிருப்பது மருந்துக்குத் தப்பிய புழு மட்டுமே. புது நிலத்தில் விழுவதும் அதன் முட்டைகள் மட்டுமே. ரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழுவில் ஒரு பெண் புழு நாளைக்கு 5,000 முட்டைக்குக் குறையாமல் இடும். புல்லோடு உள்ளே போன இளம்புழு சுமார் மூன்று வாரத்தில் தானும் முட்டையிடத் தொடங்கிவிடும். சில தலைமுறையில் அந்த நிலம் முழுக்க மருந்து கேட்காத புழுதான்.

நல்ல உடல்கட்டோடு இருக்கும் சில பெரிய ஆடுகளை விட்டுவைத்தால், மருந்துக்குச் சாகக்கூடிய புழுவின் முட்டையும் அவற்றின் புழுக்கையோடு நிலத்தில் விழும். இரண்டும் கலந்து பெருகும்போது, மருந்தை எதிர்க்கும் குணம் மெதுவாகத்தான் பரவும். நாம் கேட்பது அந்தக் கால அவகாசம்தான்.

பட்டிக்காரன்
தம்பி, கணக்கு புரிகிறது. ஆனால் செத்த குட்டியைத் தூக்கிப் போட்டவன் நான். ஒரு மருந்து கேட்காவிட்டால் இன்னொன்று வரத்தானே போகிறது?

கால்நடை மருத்துவர்
அந்த நம்பிக்கையால்தான் பல பண்ணைகள் இன்று தவிக்கின்றன. தையாபெண்டசோல் என்ற புழு மருந்து 1961-இல் வந்தது. மூன்றே வருடத்தில் அதற்குச் சாகாத ஹீமாங்கஸ் பதிவாகிவிட்டது. 2009-இல் நியூசிலாந்தில் மோனெபான்டெல் விற்பனைக்கு வந்தபோது, அது பல வருடங்களுக்குப் பிறகு கிடைத்த புது வகை மருந்து. 2013-இலேயே அதே நாட்டில் ஒரு பண்ணையின் ஆடுகளில் அதுவும் வேலை செய்யவில்லை என்ற அறிக்கை வந்தது. புது மருந்து வரும் வேகத்தைவிடப் புழு பழகிக்கொள்ளும் வேகம் அதிகம்.

பட்டிக்காரன் ஐயா, நீங்கள் ஊற்றும் மருந்து உங்கள் மந்தையில் வேலை செய்கிறதா என்று ஒருமுறையாவது பார்த்ததுண்டா? ஊற்றும் நாளில் பத்துப் பதினைந்து ஆட்டின் புழுக்கையை எடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்கள். 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எண்ணச் சொல்லுங்கள். முட்டை 95 சதவீதத்துக்குக் குறைவாகவே குறைந்திருந்தால் அந்த மருந்தைச் சந்தேகப்பட வேண்டும்.

கொட்டில்
டாக்டர், எண்ணிப் பார்ப்பதில் எனக்குத் தகராறு இல்லை. ஆடு பார்த்து ஊற்றுவதில்தான் சிக்கல். கீழ் இமையைத் திருப்பி, ஃபமாச்சா அட்டையின் ஐந்து நிறத்தோடு ஒப்பிட்டு, வெளிறியதற்கு மட்டும் ஊற்று என்கிறார்கள். 800 ஆட்டின் கண்ணை ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க ஆள் எங்கே? அதோடு, அந்த அட்டை ரத்தசோகையைத்தான் காட்டும். கழிச்சலை உண்டாக்கும் சிறுகுடல் புழு இருந்தால் கண் சிவப்பாகவே இருக்கும், ஆடு உள்ளுக்குள் இளைத்துக்கொண்டே போகும். கல்லீரல் தட்டைப்புழு இருந்தாலோ கண் வெளிறிவிடும், நாம் தவறான மருந்தை ஊற்றுவோம். நான் மூன்று வருடம் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கால்நடை மருத்துவர்
நீங்கள் சொன்ன குறைகள் அத்தனையும் உண்மை. தென்னாப்பிரிக்காவில் ஹீமாங்கஸுக்காக உருவாக்கிய அட்டை அது. மற்றப் புழுக்களுக்கு அதை நம்பக் கூடாது. பெரிய மந்தைக்கு நான் சொல்வது வேறு. பால் மறந்த குட்டிகளில் யாரையும் சோதனைக்காக விடாதீர்கள், அவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி இன்னும் வரவில்லை. நல்ல உடல்கட்டுள்ள, சினையில்லாத பெரிய பெட்டைகளை விடுங்கள். குட்டி போடும் சமயத்தில் தாயின் எதிர்ப்பு தளரும், முட்டை எண்ணிக்கை ஏறும். அப்போது கூடுதல் கவனம் வேண்டும்.

மேய்ச்சல்நிலம்
இதில் மாட்டை யாரும் பேசவில்லையே! பட்டிக்காரன் அண்ணாவின் பெரிய பலமே அதுதான். செம்மறியின் இரைப்பை, குடல் புழுக்களில் பெரும்பாலானவை வளர்ந்த மாட்டின் வயிற்றில் நிலைக்காது. குட்டிகளை விடும் நிலத்தில் முன்கூட்டியே பெரிய மாடுகளை மேயவிட்டால், புல்லிலுள்ள இளம்புழுவை அவை தின்று அழித்துவிடும். மருந்தே இல்லாமல் கிடைக்கிற பலன் இது.

கொட்டில்
ஈரநிலத்தில் இதைச் செய்யும் முன் யோசியுங்கள். தட்டைப்புழு நத்தை வழியாக ஆட்டுக்கும் வரும், மாட்டுக்கும் வரும். அங்கே மாடு துடைத்துக்கொண்டு போகாது, சேர்த்துவிட்டுப் போகும்.

பட்டிக்காரன்
என் கீழ்மேய்ச்சல் ஈரநிலம்தான். சரி, மேட்டில் மட்டும் மாட்டை முன்னால் விட்டுப் பார்க்கிறேன். அடுத்த தவணையில் புழுக்கையும் எடுத்துத் தருகிறேன். குட்டிகளுக்கு ஊற்றுவதை மட்டும் நிறுத்த மாட்டேன். பெட்டைகளை விடுவதா வேண்டாமா என்பதை எண்ணிக்கை வந்தபிறகு பேசுவோம். டாக்டர், ரெண்டு தடவையும் அதே ஆடுகளிடமிருந்துதான் எடுக்க வேண்டுமா?

கால்நடை மருத்துவர்
அதே ஆடுகள் என்றால் நல்லது, காதில் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். முட்டையே இல்லாத ஆட்டை எடுத்தால் ஒன்றும் தெரியாது. மருந்தளவைச் சராசரி எடைக்குப் போடாமல், அந்தக் கூட்டத்தில் கனமான ஆட்டை நிறுத்து அதற்குப் போடுங்கள். ஒரே கூட்டத்தில் எடை ரொம்ப வித்தியாசப்பட்டால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஊற்றும் கருவி குறித்த அளவைத்தான் தள்ளுகிறதா என்று முதலில் ஒரு அளவுக்குழாயில் பீய்ச்சிப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால், மருந்து கெட்டதா கருவி கெட்டதா என்று தெரியாமல் போய்விடும்.